2001 ஒரு ரூபாய் எஃகு நாணயம்: எழுத்தில் நிழல், உருத்தெரியாத ஆலைக்குறி. டபுள் டையா, டை தேய்மானமா?

காசுப்பை:

வணக்கம். 2001ஆம் ஆண்டு ஒரு ரூபாய், 25 மி.மீ. விட்டமுள்ள எஃகு நாணயம். எடை 4.83 கிராம், காந்தத்தில் ஒட்டுகிறது. அதிகம் புழங்கியதாகத் தெரியவில்லை, மினுமினுப்பு இருக்கிறது.

சிங்கத்தலைப் பக்கம் கூர்மையாக இருக்கிறது. தூணுக்குக் கீழே உள்ள பொடி எழுத்துகள்கூட லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்தால் பிரிந்து தெரிகின்றன. மதிப்பு எழுதிய பக்கம்தான் குழப்பம். ஆங்கில எழுத்துகள் விளிம்பை நோக்கித் தடித்திருக்கின்றன, ஆண்டின் கடைசி 1க்கு வெளிப்புறம் ஒரு நிழல் 1 இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரமும் இல்லை, வைரமும் இல்லை. உருண்டையாக ஏதோ ஒரு மேடு.

ஓர் இணைய விற்பனைப் பக்கத்தில் இதே மாதிரி நாணயத்தை டபுள் டை (உருவம் பதிக்கும் அச்சான டையிலேயே இரண்டு உருவம் விழுந்த பிழை) என்று போட்டு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். இது டபுள் டையா? எந்த ஆலையில் அடித்தது என்று எப்படிச் சொல்வது?

அச்சுத்தடம்:

ஒரு பக்கம் மொழுக்கை, மறுபக்கம் கூர்மை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கைமாறித் தேய்ந்த நாணயம் இரண்டு பக்கமும் தேயும். பிரஸ்ஸின் அழுத்தம் போதாமல் அடிபட்டதும் பொதுவாக இரண்டு பக்கமும் மங்கும். டை அப்படியல்ல. மேல் டை, கீழ் டை இரண்டும் தனித்தனி எஃகுத் துண்டுகள். ஒன்று உடைந்தால் அதை மட்டும் கழற்றிப் புதியதைப் போடுவார்கள், மற்றது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் லட்சக்கணக்கில் அடித்துத் தளர்ந்த டையும் நேற்று மாட்டிய டையும் ஒரே நாணயத்தின் இரு பக்கமாக வருவது சாதாரணம். நீங்கள் சொல்வது அந்த ஜோடிதான் என்று நினைக்கிறேன். ஆனால் எழுத்துக் குழிக்குள் கிரீஸ் அடைத்தாலும் ஒரு பக்கம் மட்டும் கெடும், அதையும் விலக்க வேண்டும்.

தேய்மானம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தானாகத் தெரியும். அடி விழும் நொடியில் வில்லையின் (உருவம் பதியாத வட்டத் தகட்டின்) உலோகம் நடுவிலிருந்து காலரை (அதைச் சுற்றி நிற்கும் வளையத்தை) நோக்கி ஓடுகிறது. ஒவ்வோர் அடியிலும் அது டையின் முகத்தை உராய்ந்துகொண்டே போகிறது. முதலில் டையின் வெற்றுப்பரப்பில் நடுவிலிருந்து வெளியே போகும் பொடிக்கோடுகள் விழும். அடுத்து எழுத்துக் குழிகளின் உதடு மழுங்கும், பெரும்பாலும் விளிம்பைப் பார்த்த பக்கம். குழி அகன்றால் நாணயத்தில் எழுத்து தடிக்கும். துளை தேய்ந்த முறுக்கு அச்சில் முறுக்கு தடித்து விழுகிற கதைதான். உலோகம் அதிக தூரம் நகர்வது ஓரத்தில் என்பதால் ஓர எழுத்துகளும் ஆண்டும் முதலில் கெடும், நடுவில் உள்ள உருவம் கடைசியில். 83 சதவீதம் இரும்பும் 17 சதவீதம் குரோமியமும் கலந்த இந்த எஃகு, பழைய செம்பு-நிக்கல் நாணயங்களைவிட டைக்குக் கொடியது. 1992க்குப் பிந்தைய எஃகு ஒரு ரூபாயில் இந்த வீக்கம் மலிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோதனை இது. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கு வையுங்கள். வெளிச்சம் நாணயத்தின் மேல் 20 முதல் 30 டிகிரி சரிவில் விழ வேண்டும். 10 மடங்கு லூப் போதும். 30, 40 மடங்கு மைக்ரோஸ்கோப் எல்லாவற்றையும் மலையாகக் காட்டி ஆளை ஏமாற்றும். விளக்கை அசைக்காமல் நாணயத்தை மெதுவாக முழுச்சுற்று சுழற்றுங்கள். தேய்ந்த டை என்றால் எழுத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஆரக்கால் போல வெளிநோக்கி ஓடும் கோடுகள் பளிச்சிட்டு மறையும். இந்தக் கோடுகள் எழுத்தின் ஓரத்தோடு கலந்து, எழுத்து எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாதபடி இழுபட்டிருக்கும்.

கிரீஸ் அடைப்பில் இது இருக்காது. ஓர் எழுத்து பாதி காணாமல் போயிருக்கும், பக்கத்து எழுத்து கத்தி போல நிற்கும், சுற்றியுள்ள பரப்பு இயல்பாக இருக்கும். தேய்மானம் ஓரம் முழுக்கப் பரவும், அடைப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும்.

எஃகில் ஒரு கூடுதல் சிக்கல். செம்பு, வெண்கல நாணயங்களில் தேய்ந்த மேடு நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எஃகு நிறம் மாறாது. அதற்குப் பதில் புழக்கத்தில் தேய்ந்த மேடு கண்ணாடி போல மழமழப்பாகும், நடுச் சிங்கத்தின் நெற்றியிலும் மார்பிலும் பாருங்கள். அங்கே மழமழப்பு இல்லாமல் மறுபக்க எழுத்து மட்டும் மொழுக்கை என்றால் அது கைத்தேய்வு அல்ல.

லூப்10:

அந்த நிழல் 1 பற்றி. இரட்டையாகத் தெரிவதெல்லாம் டபுள் டை அல்ல. மூன்று வேறு காரணங்கள், மூன்றுக்கும் வேறு முகம்.

உண்மையான டபுள் டை, டை பிறக்கும்போதே வருவது. ஹப் என்பது டையைச் செய்ய அதில் அழுத்தும், மேடான உருவமுள்ள எஃகு முத்திரை. மாஸ்டர் ஹப்பிலிருந்து மாஸ்டர் டை, அதிலிருந்து வொர்க்கிங் ஹப், அதிலிருந்து நாணயம் அடிக்கும் டை என்று வரிசை போகும். ஹப்பை டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தும்போது இரண்டாம் அழுத்தம் சற்றுத் திரும்பி விழுந்தால் டையிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். இரண்டும் முழு உருவம். எழுத்தின் முனை இரண்டாகப் பிளந்து, நடுவே ஒரு சின்ன வெட்டுப் பள்ளம் இருக்கும். இரண்டாவது உருவத்துக்கும் உருண்டு திரண்ட மேல்பாகம் உண்டு. விலகலுக்கு ஒரு திசை இருக்கும்: எல்லா எழுத்தும் ஒரே சுற்றில் திரும்பியிருக்கும். அந்த டை அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அது அச்சு மாறாமல் வரும்.

இயந்திர இரட்டிப்பு என்பது டை தளர்வாக மாட்டப்பட்டதால் அடித்து முடிக்கும் தறுவாயில் அது வழுக்கி எழுத்தை இடித்துவிட்டுப் போவது. இங்கே புதிதாக எதுவும் சேர்வதில்லை, இருந்த எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டைப்படியாகிறது. எழுத்தின் மேல்பாகம் வழக்கத்தைவிட ஒல்லியாக இருக்கும். படி பளபளவென்று மின்னும். எஃகு ரூபாய்களில் இதுவும் ஏராளம், இணையத்தில் டபுள் டை என்று விற்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது டை தேய்மான இரட்டிப்பு. அச்சுத்தடம் சொன்ன குழி உதடு சீராக மழுங்காமல் படியாக இறங்கினால் நாணயத்தில் எழுத்துக்கு வெளியே மங்கலான இரண்டாவது கரை விழும். எழுத்து தடித்திருக்கும், பிளந்திருக்காது. நிழலுக்குக் கூர்மையான எல்லை இருக்காது. மேலே உள்ள எழுத்தில் மேல்நோக்கி, கீழே உள்ள ஆண்டில் கீழ்நோக்கி, அதாவது எங்கும் விளிம்பைப் பார்த்தே விலகும். சில எழுத்தில் இரண்டு பக்கமும் வரும். திசைக்கு ஒழுங்கே இல்லாவிட்டால் சந்தேகம் தேய்மானத்தின் மேல் போகட்டும்.

இதற்குப் பாடநூல் உதாரணம் அமெரிக்காவின் 1955 லிங்கன் ஒரு சென்ட். அதே ஆண்டில் பிலடெல்பியாவில் அடித்த உண்மையான டபுள் டை சென்ட் 20,000க்கு மேல் வெளியே வந்தது. ஆண்டும் வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும், விலை நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். அதே 1955இல் தேய்ந்த டையால் கடைசி 5 மட்டும் நிழலாடும் சென்ட்களும் உண்டு. அங்கே அதற்கு ஏழைகளின் டபுள் டை என்றே பெயர். விலையும் பெயருக்கு ஏற்றபடிதான்.

உங்கள் 1இன் கீழ்முனையைப் பாருங்கள். வெட்டுப் பள்ளம் இருக்கிறதா? நிழலின் மேல்பாகம் தட்டையா, உருண்டையா, கரைந்து போகிறதா? ஆண்டின் மற்ற மூன்று இலக்கங்களில் எப்படி?

காசுப்பை:

ஒற்றை விளக்கில் பார்த்தேன். வெட்டுப் பள்ளம் இல்லை. நிழல் கரைந்து வெற்றுப்பரப்போடு கலக்கிறது. 2க்கும் முதல் 0க்கும் வீக்கம் உண்டு, தனி நிழல் இல்லை. சுழற்றும்போது ஆண்டுக்கும் விளிம்புக்கும் நடுவே கோடுகள் தெளிவாக ஓடுகின்றன. சிங்கப் பக்கத்தில் அப்படி இல்லை. நடுச் சிங்கத்தின் மார்பு மழமழப்பாகவும் இல்லை.

அதோடு ஒரு சந்தேகம்: மதிப்புப் பக்கத்தில் ஓர் எழுத்திலிருந்து விளிம்பு வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. கீறலா?

லூப்10:

அப்படியானால் டபுள் டை அல்ல. தேய்மான இரட்டிப்பு, கடைசிக் கட்டம்.

கோடு பள்ளமா மேடா என்று பாருங்கள். டையில் பள்ளமானது நாணயத்தில் மேடாகும். ஆகவே டை விரிசல் மேட்டுக்கோடாகத்தான் வரும். நெளிந்து, தடிமன் மாறி, எழுத்தின் மேலும் ஏறிப் போகும். கீறல் பள்ளமாக, பெரும்பாலும் நேராக, ஓரத்தில் உலோகம் ஒதுங்கி இருக்கும். விளக்கை வலப்பக்கம் வைத்து ஒரு முறை, இடப்பக்கம் வைத்து ஒரு முறை பார்த்தால் நிழல் விழும் பக்கம் சொல்லிவிடும். தளர்ந்த டையில் விரிசல் வருவது இயல்பு. அந்த விரிசல் வளர்ந்து விளிம்போடு ஒரு துண்டு கழன்றால் அந்த இடத்தில் உருவம் எதுவும் இல்லாத ஒரு மேட்டுத் திட்டு வரும், சேகரிப்போர் கட் (cud) என்பது அதுதான். அதற்கு நேர் பின்னால் மறுபக்கமும் மங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் உலோகம் அந்த ஓட்டையை நிரப்பப் போய்விடும். பின்பக்கம் மங்காத கட் என்று யாராவது காட்டினால் பசை, பற்றவைப்பு என்று ஏதாவது கைவேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

செப்புக்காசு:

ஆலைக்குறிக்கு வருவோம், இந்தத் திரியில் எனக்கு அதுதான் சுவாரசியம்.

ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு ஐந்து முனை நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இந்த ஏற்பாட்டில்தான் வில்லங்கம். டை தேயத் தேய நட்சத்திரத்தின் முனைகள் போய் உருண்டையாகும், வைரத்தின் மூலைகளும் அப்படியே. அடுத்து குழிக்குள் கிரீஸும் உலோகத் தூளும் அடைத்தால் மேடே வராது. அதாவது ஹைதராபாத் நாணயம் முதலில் நொய்டாவாக வேஷம் போடும், பிறகு கொல்கத்தாவாகிவிடும். எதிர்த்திசையிலும் நடக்கும்: கொல்கத்தா டையில் ஆண்டுக்குக் கீழே ஒரு பொடித்துணுக்கு பெயர்ந்தால் நொய்டாப் புள்ளி முளைத்துவிடும்.

பிரிக்கும் வழி, குறியை மட்டும் பார்க்காமல் அதற்கு மேலே உள்ள ஆண்டையும் சேர்த்துப் பார்ப்பது. இலக்கங்கள் கூர்மை, புள்ளியும் சுத்தமான வட்டம், சுற்றிலும் தெளிவான எல்லை என்றால் நொய்டா என்று எழுதலாம். இலக்கங்கள் வீங்கியிருந்தால் அதே டையின் குறியும் வீங்கித்தான் இருக்கும், அந்த உருண்டையை நம்பக்கூடாது. அப்போது அளவைப் பாருங்கள். அதே ஆண்டின் நல்ல நொய்டா நாணயம் ஒன்று, நல்ல ஹைதராபாத் ஒன்று, நல்ல மும்பை ஒன்று, மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரே தூரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து, குறியின் அகலத்தை இலக்கத்தின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். மேட்டின் ஒரு பக்கத்திலாவது முனை முறிந்த தடயம், நேர்க்கோட்டு ஓரம் ஏதாவது மிஞ்சியிருக்கும். விளக்கை எல்லாத் திசையிலும் வைத்தும் கிடைக்காவிட்டால் ஆலை தெரியவில்லை என்று எழுதிவிடுவதே நேர்மை.

குறி இல்லை என்பதையே ஆதாரமாக்க முடியாது என்பதற்கு 1922 அமெரிக்க சென்ட் நல்ல ஒப்பீடு. அந்த ஆண்டு சென்ட் அடித்தது டென்வர் ஆலை மட்டும், சுமார் 71.6 லட்சம். எல்லாவற்றிலும் டி என்ற எழுத்து இருந்தாக வேண்டும். ஆனால் சிலவற்றில் இல்லை. அங்கே வேறு ஆலையே இல்லாததால் டி இல்லாத 1922 சென்ட் டையின் கோளாறு என்பது சந்தேகமில்லாமல் உறுதி. அப்படியும் சந்தை எல்லாவற்றையும் ஒன்றாக மதிப்பதில்லை. சில டை ஜோடிகளில் டி தேய்ந்தும் அடைத்தும் மங்கியது. ஒரு ஜோடியில் டைகள் வில்லை இல்லாமல் ஒன்றோடொன்று மோதி, அந்த வடுவை நீக்க முன்பக்க டையைத் தேய்த்தபோது டி மறைந்தது. பின்பக்கம் புது டை என்பதால் கோதுமைக் கதிர்கள் கூர்மையாக நிற்கும். அந்த ஜோடிக்குத்தான் பெரிய விலை. டி மங்கலாகத் தெரிந்தால் விலை பல மடங்கு இறங்கும்.

நம் ரூபாயில் அந்த உறுதி கிடையாது. ஆலைக்குறி இல்லாத அபூர்வப் பிழை என்று விளம்பரம் வந்தால் அது பெரும்பாலும் நல்ல கொல்கத்தா நாணயம்தான்.

யாழ்க்குற்றி:

அண்ணை, இடையில் ஒரு கேள்வி. இலங்கையின் 5 ரூபாய்க் குற்றியில் எழுத்தின் வெளி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு வருகுது. நிழல் மாதிரியே இருக்கு. இதுவும் டை தேய்மானமோ?

அச்சுத்தடம்:

2005க்குப் பிறகு வந்த மஞ்சள் நிற 5 ரூபாய் என்றால் அது பித்தளை முலாம் பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டும். முலாம் மெல்லியது. எழுத்து எழும்பும் இடத்தில் உலோகம் இழுபடும்போது முலாம் கிழிந்தால் உள்ளே இருக்கும் எஃகு சாம்பல் கோடாகத் தெரியும். நிறம் வேறாக இருப்பதுதான் அடையாளம். டை தேய்மானத்தில் நிழலும் எழுத்தும் ஒரே நிறமாக இருக்கும். ஈரம் பட்டால் அந்தக் கோட்டில் துரு பிடிக்கும், அதைத் தேய்த்து எடுக்கப் போகாதீர்கள், முலாம் இன்னும் உரியும். 1982க்குப் பிந்தைய அமெரிக்க சென்ட்களில், அவை துத்தநாகத்தின் மேல் செம்பு முலாம், இதே கோலத்தைப் பார்த்து டபுள் டை என்று ஏமாறுவோர் அதிகம்.

செப்புக்காசு:

காசுப்பை கேட்ட விலைக்கும் பதில் சொல்லிவிடலாம். தேய்ந்த டை நாணயத்துக்குத் தனி விலை கிடையாது. அது ஆலையின் தவறுகூட அல்ல, டையை எப்போது கழற்றுவது என்ற கணக்கு. 3,500 கேட்பவர் கேட்கட்டும். கேட்கும் விலை வேறு, விற்றுப்போன விலை வேறு.

அச்சுத்தடம்:

விலை பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தனி நாணயமாக மதிப்பில்லை, சரி. ஆனால் ஒரே டையின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சேர்த்து வைத்தால் அதைத் தேடுபவர்கள் உண்டு. அதற்கு உங்கள் விரிசல் உதவும். விரிசல் அந்த ஒரு டைக்கே உரிய கைரேகை. அதே இடத்தில் விரிசல் உள்ள இன்னொரு நாணயம் கிடைத்து, அதில் ஆலைக்குறி இன்னும் நட்சத்திரமாக இருந்தால் உங்கள் உருண்டை மேடு ஹைதராபாத் என்று நிரூபணமாகிவிடும். செப்புக்காசு சொன்ன அளவு ஒப்பீட்டைவிட இது வலுவான சான்று. 2001 நாணயங்களை மூட்டையாகப் பார்க்கும்போது முதலில் விரிசலைத் தேடுங்கள், குறியை அப்புறம். ஒன்று நினைவிருக்கட்டும்: முந்தைய நாணயத்தில் விரிசல் குட்டையாகத்தான் இருக்கும், முழு நீளத்தை எதிர்பார்த்தால் தவறவிடுவீர்கள்.

காசுப்பை:

விரிசல் மேடாகத்தான் இருக்கிறது, இரண்டு பக்க விளக்கிலும் சரிபார்த்தேன். உறையில் என்ன எழுதுவது?

லூப்10:

கழுவ வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். விளிம்பை நோக்கி ஓடும் அந்தக் கோடுகள்தான் உங்கள் சான்று. பிவிசி இல்லாத உறையில் போட்டு இப்படி எழுதுங்கள்: 1 ரூபாய் 2001, எஃகு, 4.83 கிராம். மதிப்புப் பக்க டை கடைசிக் கட்டத் தேய்மானம், ஆண்டில் தேய்மான இரட்டிப்பு. விரிசல் ஓர் எழுத்திலிருந்து விளிம்பு வரை (எந்த எழுத்து, கடிகார முள் கணக்கில் எத்தனை மணி நிலை என்று சேருங்கள்). ஆலைக்குறி உருண்டை மேடு, ஆலை உறுதியில்லை. விரிசலின் படத்தை இங்கே ஏற்றினால் மற்றவர்களும் தங்கள் 2001இல் தேடிப் பார்ப்பார்கள்.